கால் கோல்

கால் என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. நடக்கும் உறுப்பு கால். நான்கில் ஒரு பங்கும் கால். கால்பந்தாட்டத்திலே முதற்பொருளுக்கு மட்டுமே இடமுண்டு என்றுதான் உலகம் எண்ணியிருந்தது. பந்து கோட்டைத் தாண்டி வலைக்குள் விழுந்தால் ஒரு கோல், விழாவிட்டால் ஒன்றுமில்லை. கம்பத்தில் மோதித் திரும்பிய பந்துக்கு அரைக் கோல் என்று எந்த நடுவரும் ஊதலை ஊதியதில்லை. கோல் காவலன் விரல்நுனியால் தட்டிவிட்ட பந்துக்குக் கால் கோல் என்று எந்தப் பலகையும் காட்டியதில்லை.

ஆனாலும் கால் கோல் இருக்கிறது! களத்தில் இல்லை, கணக்கேட்டில் இருக்கிறது. ஆடுவோரின் காலடியில் இல்லை. ஆட்டத்தின் மீது பணம் கட்ட அழைப்போரின் கல்லாப் பெட்டியருகே இருக்கிறது. இங்கிலாந்திலே ஓர் ஆட்டம் தொடங்குமுன், "மொத்தக் கோல் இரண்டே முக்காலுக்கு மேலா, கீழா?" என்று விலை கூறி நிற்கின்றன பந்தயக் கம்பெனிகள். இரண்டே முக்கால் கோல் விழுந்த ஆட்டம் இதுவரை ஒன்றுகூட இல்லை. இனி இருக்கப் போவதும் இல்லை. இல்லாத ஒன்றை எல்லையாக நாட்டி, அந்த எல்லையின் இருபுறமும் மக்களை நிறுத்தி, இருபுறத்திலும் சுங்கம் வாங்கும் விந்தை இது. அதை விளங்கிக் கொள்வது நமக்குக் கடமை.

"சூது தீது என்று பள்ளியிலேயே படித்தாயிற்றே! வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறாரே! இதில் விளங்கிக் கொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். முன்னோர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்பது நம் முறையன்று. முன்னோர் சொன்னது சரியாக இருக்கும்போதும், ஏன் சரி என்று கேட்டறிவதே நம் முறை. மேலும், இன்றைய சூதாடி பழைய சூதாடி அல்லன். அவன் நாள் பார்ப்பதில்லை, கோள் பார்ப்பதில்லை, பல்லி சொல்லுக்குக் காது கொடுப்பதில்லை. கையில் புள்ளிவிவரம் வைத்திருக்கிறான். "இது விதியன்று தோழரே, கணிதம்! அறிந்தவன் வெல்கிறான், அறியாதவன் தோற்கிறான். அறிவால் ஈட்டும் பொருளிலே அறக்கேடு எங்கே இருக்கிறது?" என்று அவன் கேட்கிறான். விதியைத் தூக்கி எறிந்த இளைஞனிடம் வந்து, விதியின் பெயரால் அல்ல, அறிவின் பெயரால் அழைக்கும் சூது இது. ஆகவே இதற்கு விடையும் அறிவின் வழியிலேதான் வரவேண்டும்.

முதலில் வரலாறு சிறிது. 1923ஆம் ஆண்டில் ஜான் மூர்ஸ் என்பவரும் அவருடைய நண்பர் இருவரும், லிட்டில்வுட்ஸ் என்ற பெயரில் கால்பந்துப் பந்தயச் சீட்டைத் தொடங்கினர். மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்து வாயிலிலே 4,000 சீட்டுகளை வழங்கினர். நிரப்பித் திருப்பித் தரப்பட்டவை 35. அந்த முப்பத்தைந்திலிருந்து வளர்ந்த தொழில், வாரந்தோறும் இலட்சக்கணக்கான இல்லங்களின் சாப்பாட்டு மேசைக்கு வந்து அமர்ந்தது. எந்தெந்த ஆட்டம் டிராவாக முடியும் என்று குறித்தனுப்புவதே அதன் பெரிய கவர்ச்சி. சுரங்கத்தில் உழைத்தவனும் ஆலையில் உழைத்தவனும் சில பென்சுகளை அதற்கென ஒதுக்கினர்.

1961இல் காசில்ஃபோர்டு என்னும் சுரங்க ஊரைச் சேர்ந்த நிக்கல்சன் தம்பதிக்கு 152,319 பவுண்டு பரிசு விழுந்தது. ஏடுகள் எல்லாம் விவ் நிக்கல்சனின் படத்தைப் போட்டன. சில ஆண்டுகளில் கணவன் கார் விபத்தில் மாண்டதும், பணமெல்லாம் கரைந்து அந்த அம்மையார் கடனாளியாக நின்றதும் பின்கதை. அதைவிடப் பெரிய கதை ஒன்றுண்டு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் சீட்டு நிரப்பித் தோற்றவர்களின் படத்தை எந்த ஏடும் போடவில்லை. போட இடமும் போதாது!

1963ஆம் ஆண்டு சனவரியிலே இன்னொரு வேடிக்கை. கடுங்குளிர் இங்கிலாந்தை மூடியது. மைதானங்கள் பனியில் உறைந்தன. வாரக்கணக்கில் ஆட்டங்கள் நின்றன. ஆட்டம் நின்றால் பந்தயமும் நிற்கவேண்டும் அல்லவா? நிற்கவில்லை! டாம் ஃபின்னி, டாமி லாட்டன் முதலிய பழம்பெரும் ஆட்டக்காரர்களைக் கொண்ட குழு ஒன்று லண்டனில் ஓர் அறைக்குள் கூடியது. நடக்காத ஆட்டங்களுக்கு அக்குழு முடிவு கூறியது. இன்ன அணி வென்றிருக்கும், இன்ன அணிகள் டிரா செய்திருக்கும் என்று அறையில் உட்கார்ந்து தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்பின்படி பணம் கைமாறியது. ஆட்டத்துக்காகப் பந்தயம் என்ற நிலை போய், பந்தயத்துக்காக ஆட்டம் என்ற நிலை வந்து, பிறகு ஆட்டமே இல்லாமலும் பந்தயம் நடக்கும் என்ற நிலையும் அன்றே வந்துவிட்டது. களமின்றியே முடிவு கண்ட தொழில், களத்தில் இல்லாத பின்னத்தைக் கண்டுபிடித்ததில் வியப்பென்ன?

அந்தப் பின்னம் வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். ஆசியக் கோடு என்று இதற்குப் பெயர். தென்கிழக்கு ஆசியப் பந்தயக்காரர்களிடம் பழக்கத்திலிருந்து பிறகு மேலைநாடுகளுக்குப் பரவிய முறை. "இரண்டரைக்கு மேல்" என்றால் எளிது: மூன்று கோல் விழுந்தால் வெற்றி, இரண்டோடு நின்றால் தோல்வி. "மூன்றுக்கு மேல்" என்றால், நான்கு விழுந்தால் வெற்றி. சரியாக மூன்றே விழுந்தால் கட்டிய பணம் திரும்பும். "இரண்டே முக்காலுக்கு மேல்" என்பது இவ்விரண்டின் கலப்பு. நீ 100 பவுண்டு கட்டினால், 50 இரண்டரைக் கோட்டிலும் 50 மூன்று கோட்டிலுமாகப் பிரிக்கப்படுகிறது. விலை 1.90 என்று வைத்துக் கொள்வோம். அதாவது வென்றால் ஒரு பவுண்டுக்கு, கட்டிய பவுண்டையும் சேர்த்து, 1.90 கிடைக்கும். நான்கு கோல் விழுந்தால் 190 பவுண்டு. இரண்டோ அதற்குக் குறைவோ விழுந்தால் எல்லாம் போயிற்று. சரியாக மூன்று விழுந்தால், முதற்பாதி வென்று 95 ஆகும், மறுபாதி 50 அப்படியே திரும்பும். கைக்கு வருவது 145. இதற்குப் பெயர் பாதி வெற்றி! இரண்டே கால் கோட்டிலே "மேல்" என்று கட்டியவனுக்கு, சரியாக இரண்டு கோல் விழுந்தால் 50 போகும், 50 திரும்பும். இதற்குப் பெயர் பாதித் தோல்வி!

எதற்கு இந்த நுணுக்கம்? தராசுக்குப் படிக்கல் எதற்கோ, அதற்கு. "மேல்" என்போர் மிகுந்தால் கோட்டைக் கால் அளவு உயர்த்தலாம்; "கீழ்" என்போர் மிகுந்தால் கால் அளவு தாழ்த்தலாம். இரு தட்டிலும் பணம் சமனாக நிற்கவேண்டும் என்பதே நோக்கம். தட்டுகள் சமனாகிவிட்டால், எந்த அணி ஆடினால் என்ன, எத்தனை கோல் விழுந்தால் என்ன, தராசு பிடிப்பவனுக்குக் கூலி உறுதி. கூடவே இன்னொரு நன்மையும் அவனுக்கு உண்டு. பாதி திரும்பப் பெற்றவன் தன்னைத் தோற்றவனாக எண்ணுவதில்லை, மீண்டும் வருகிறான்.

அந்தக் கூலி எவ்வளவு? ஒருவன் "மேல்" என்று 100 கட்டுகிறான். மற்றொருவன் "கீழ்" என்று 100 கட்டுகிறான். இரண்டரைக் கோடு, இருபுறமும் விலை 1.90. பெட்டிக்குள் வந்தது 200. வென்றவன் எவனாயினும் அவனுக்குப் போவது 190. பெட்டியில் நிற்பது 10, நூற்றுக்கு ஐந்து. நேர்மையான விலை 2.00 என்றிருக்க வேண்டும். பத்துக் காசு குறைத்த அந்தச் சிறு இடைவெளியிலேதான் மாளிகைகள் எழும்பியிருக்கின்றன. நூறு முறை ஒரே அளவு கட்டுபவன், 50 முறை வென்று 50 முறை தோற்றால் சமன் என்று எண்ணுகிறான். இல்லை தோழனே! 1.90 விலையில் நட்டமின்றித் தப்ப நூற்றுக்கு ஏறத்தாழ 53 முறை வெல்லவேண்டும். கையில் உள்ள 100 பவுண்டை இருபது முறை சுழற்றி, மொத்தம் 2,000 பவுண்டுக்குப் பந்தயம் ஆடினால், சராசரிக் கணக்கிலே போவது 100. அதாவது கொண்டு வந்தது முழுதும்! நான்கு ஆட்டங்களைக் கோத்து ஒரே சீட்டாகக் கட்டுபவனுக்கோ, ஐந்து விழுக்காடு நான்கு மடியாகப் பெருகி, நூற்றுக்கு 18க்கு மேல் சுங்கம். கோவைச் சீட்டைக் கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்வதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

"சுங்கம் உண்டு, ஒப்புக் கொள்கிறேன். ஆனால் சுங்கத்தையும் மீறி வெல்லும் அளவுக்கு எனக்குக் கணக்குத் தெரியும்" என்பான் நம் இளைஞன். அவனை ஏளனம் செய்யவேண்டாம்; கணக்கையே பார்ப்போம். கோல் அரிதாக விழுவது; எந்த நிமிடத்திலும் விழக்கூடியது. இத்தகைய அரிய நிகழ்ச்சிகள் எத்தனை முறை நேரும் என்று அளக்கும் கணிதத்தைப் பிரெஞ்சு அறிஞர் புவாசோன் 1837இல் வகுத்தார். பிரஷ்யப் படையிலே குதிரை உதைத்து மாண்ட வீரர்களின் எண்ணிக்கை அந்தக் கணிதத்துக்கு அடங்குவதை 1898இல் போர்ட்கீவிச் காட்டினார். குதிரையின் காலுக்குப் பொருந்திய கணிதம் ஆட்டக்காரனின் காலுக்கும் பொருந்தியது! ஆட்டத்துக்குச் சராசரி 2.7 கோல் என்று வைத்துக் கொண்டால், நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 7 ஆட்டம் கோலின்றி முடியும், 18இல் ஒரு கோல், 24இல் இரண்டு, 22இல் மூன்று, 15இல் நான்கு, 14இல் ஐந்தோ அதற்கு மேலோ. கூட்டிப் பாருங்கள்: இரண்டு வரை 49, மூன்றும் அதற்கு மேலும் 51. இரண்டரைக் கோடு தராசின் நடு முள்ளாக நிற்பது தற்செயல் அன்று!

இந்தக் கணக்கு மறைபொருள் அன்று. 1951இலேயே மொரோனி என்பவர் பொதுமக்களுக்கு எழுதிய புள்ளியியல் நூலில் இதை விளக்கினார். 1997இல் டிக்சன், கோல்ஸ் என்னும் இரு புள்ளியியலாளர் அதைத் திருத்தி, அணிகளின் தாக்கும் வலிமையையும் தடுக்கும் வலிமையையும் அளந்து, பந்தய விலைகளிலிருந்த ஓட்டைகளையே சுட்டிக்காட்டும் ஆய்வை வெளியிட்டனர். ஆகவே நம் இளைஞன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அறிவால் விலையின் பிழையைக் காணமுடியும். ஆனால் அவன் மறந்தது ஒன்று: அந்த நூலை அவன் மட்டுமா படித்தான்? விலை கூறுபவனும் படித்தான்! படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்தான், கணிப்பொறிகளை வாங்கினான், மைதானத்திலே ஆளை உட்காரவைத்து, நொடிக்கு நொடி செய்தி பெறுகிறான். 2023–24ஆம் ஆண்டுப் பிரீமியர் லீகில் 380 ஆட்டங்களில் 1,246 கோல்கள் விழுந்தன, சராசரி 3.28. சராசரி ஏறினால் கோடும் ஏறும். விழித்திருப்பவன் நீ மட்டும் அல்லன். ஆட்டம் நடக்கும்போதே கட்டலாம் என்று அழைக்கிறான். ஆனால் நீ கட்டும் பணத்தை ஏற்கச் சில நொடி தாமதம் செய்கிறான். அந்த நொடிகளில் கோல் விழுந்துவிட்டால் உன் பந்தயம் செல்லாது! நீ காண்பது சற்றுமுன் நடந்தது. அவன் அறிவது இப்போது நடப்பது.

இத்தனையையும் மீறி ஒருவன் வெல்கிறான் என்றே கொள்வோம். வென்றுகொண்டே இருக்கிறான், அவனுக்கு என்ன பரிசு? இங்கிலாந்துப் பந்தயக் கம்பெனிகள் பலவற்றின் வழக்கம், தொடர்ந்து வெல்பவனின் பந்தயத் தொகையைச் சில பவுண்டாகச் சுருக்கிவிடுவது. கணக்கையே மூடிவிடுவதும் உண்டு. தோற்பவனுக்குக் கதவு அகலத் திறந்திருக்கும். வெல்பவனுக்கு மட்டும் தாழ்! "அறிந்தவன் வெல்கிறான்" என்று அழைத்தவர்கள், அறிந்தவன் வந்ததும் வெளியே தள்ளுகிறார்கள். அறிவுக்குப் போட்டி என்ற பேச்சு, அறிவு வந்து நின்றதுமே பொய்த்துப் போகிறது.

இனி அறத்தின் வினா. சட்டம் நெடுங்காலமாக ஒன்றையே கேட்டுவந்தது: திறமையா, தற்செயலா? சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்ததே என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்துக்கு அந்தப் பிரிவு தேவையாக இருக்கலாம். அறத்துக்கு அது போதாது. பூட்டைத் திறப்பதும் திறமைதான். எவன் வீட்டுப் பூட்டு என்பதல்லவா கேள்வி? திறமை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே; அந்தத் திறமை எதைப் படைக்கிறது என்று கேள்.

உழவன் திறமை நெல்லைப் படைக்கிறது. நெசவாளி திறமை துணியைப் படைக்கிறது. ஆட்டக்காரன் திறமைகூட ஆயிரமாயிரம் பேருக்குக் களிப்பைப் படைக்கிறது. கால் கோல் கணக்கில் தேர்ந்தவனின் திறமை எதைப் படைத்தது? ஒரு கோல் கூடுதலாக விழுந்ததா? ஒரு செங்கல் எழும்பியதா? தோற்றவன் பையிலிருந்து வென்றவன் பைக்குப் பணம் போயிற்று. இடையிலே தரகன் ஐந்து விழுக்காடு எடுத்துக் கொண்டான். மொத்தச் செல்வம் ஒரு காசும் கூடவில்லை.

"காப்பீடும் தற்செயலின் மீது பணம் கட்டுவதுதானே? அதை ஏன் பழிப்பதில்லை?" என்று கூர்மையாகக் கேட்பவர் உண்டு. நல்ல கேள்வி. வீடு தீப்பிடிக்கும் இடர் நாம் விரும்பாமலே இருக்கிறது. ஆயிரம் பேர் ஆளுக்குச் சிறிது போட்டு, எரிந்த வீட்டுக்காரனைத் தூக்கி நிறுத்துகிறார்கள்; இருக்கும் இடரைப் பலர் தோளில் பகிர்ந்து இலேசாக்குகிறார்கள். சூதோ, இல்லாத இடரைப் புதிதாகச் செய்கிறது. சனிக்கிழமை காலையில், மாலை ஆட்டத்தில் இரண்டு கோல் விழுந்தாலும் நான்கு விழுந்தாலும் அந்தத் தொழிலாளியின் வீட்டு அடுப்பு எரிந்திருக்கும். பணம் கட்டிய நொடியிலிருந்து, எங்கோ ஒருவன் உதைக்கும் பந்துக்கும் அந்த அடுப்புக்கும் தொடர்பு உண்டாகிவிட்டது. காப்பீடு தற்செயலின் கொடுமையைக் குறைக்கிறது. சூது தற்செயலுக்குப் புதிய அதிகாரம் கொடுக்கிறது. விதியின் ஆட்சியை ஒழிக்க வந்தவன், தன் வீட்டுக்குள்ளே ஒரு குட்டி விதியை விலை கொடுத்து வாங்கி உட்காரவைக்கலாமா?

இன்னொரு வாதமும் உண்டு. அதை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். "நான் வாரத்துக்கு ஐந்து பவுண்டு கட்டுகிறேன். போனால் போகட்டும். திரைப்படத்துக்குக் கொடுக்கும் கட்டணம் போல இது கிளர்ச்சிக்கான கட்டணம். யாருக்கு என்ன கெடுதி?" என்கிறான் ஒருவன். அவன் பொய் சொல்லவில்லை. வருவாய் என்று எண்ணாமல் கட்டணம் என்று அறிந்து கொடுப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் முன்வரவில்லை. ஆனால் அவனுடைய ஐந்து பவுண்டிலா அந்தத் தொழில் வாழ்கிறது? 2020இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் குழு வெளியிட்ட அறிக்கை கூறுவது இது: சூதாட்டத் தொழிலின் இலாபத்தில் 60 விழுக்காடு, ஏற்கெனவே சூதுக்கு அடிமையாகிவிட்ட அல்லது அடிமையாகும் விளிம்பில் நிற்கும் 5 விழுக்காட்டினரிடமிருந்து வருகிறது. அளவோடு ஆடுபவன் அந்தக் கடையின் முகப்பில் தொங்கும் பூமாலை. உள்ளே அடுப்பில் எரியும் விறகு வேறு ஆள்! மாலை தன்னைப் பற்றி மட்டும் பேசி, அடுப்புக்கும் நற்சான்று வழங்க முடியாது.

ஆட்டத்துக்கும் கேடு உண்டு. 1962 டிசம்பர் 1ஆம் நாள், இப்ஸ்விச் அணியுடன் மோதிய ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியிலே மூவர் — பீட்டர் ஸ்வான், டோனி கே, டேவிட் லேன் — தங்கள் அணியே தோற்கும் என்று பணம் கட்டியிருந்தனர். அணி இரண்டு கோல் வேறுபாட்டில் தோற்றது. 1964இல் செய்தி ஏடு ஒன்று அதை வெளிப்படுத்தியது. 1965இல் மூவரும் சிறை சென்றனர். ஆட்டமும் அவர்களுக்குத் தடை செய்யப்பட்டது. 1997 நவம்பரில் வெஸ்ட் ஹாம் மைதானத்தில், ஆட்டம் 2–2 என்று நின்றபோது விளக்குகள் அணைந்தன. அடுத்த மாதம் விம்பிள்டன், ஆர்சனல் ஆட்டத்திலும் இருள் சூழ்ந்தது. காரணம் இயற்கையன்று, மின்கோளாறும் அன்று. பாதி நேரம் கடந்த பிறகு ஆட்டம் நின்றால் அப்போதைய கோல் கணக்கே முடிவு என்பது தூரகிழக்குப் பந்தயக்காரரின் விதி. தமக்கு இலாபமான கணக்கு வந்ததும் விளக்கை அணைத்தது ஒரு சூதுக் கும்பல். 1999இல் சார்ல்டன் மைதானத்துக் காவலாள் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்து மூன்றாம் முறை முயன்றபோது பிடிபட்டுத் தண்டனை பெற்றார்கள். ஆட்டத்தைக் காண ஏற்றிய விளக்கு, ஏட்டைக் காக்க அணைக்கப்பட்டது!

இங்கிலாந்தும் விழிக்காமல் இல்லை. பந்தயக் கடை இயந்திரங்களில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்ததை 2019இல் 2 பவுண்டாகக் குறைத்தது. கடன் அட்டையால் சூதாடுவதை 2020இல் தடுத்தது. பிரீமியர் லீக் அணிகள், ஆட்டச் சட்டையின் நெஞ்சிலே பந்தயக் கம்பெனியின் பெயரைத் தாங்குவதை 2025–26 பருவத்தோடு விட்டுவிடுவதாக 2023இல் ஒப்புக் கொண்டன. நெஞ்சிலிருந்துதான் இறங்குகிறது, சட்டைக் கையை விட்டு இறங்க உடன்பாடு இல்லை. இவையெல்லாம் தேவையான வேலிகள். வேலி ஆட்டைக் காக்கும். ஆனால் ஆடல்லவே மனிதன்! அவனுக்கு வேலியோடு விளக்கமும் வேண்டும்.

ஆகவே, சூதாடியைப் பாவி என்று பழிக்காதீர்கள். கூலி போதாதவனுக்கு ஒரே மாலையில் விடுதலை கிடைக்கும் என்று காட்டப்படும் கனவு எளிதில் மறுக்கக் கூடியதன்று. அவனிடம் நரகத்தைக் காட்டி மிரட்டவும் வேண்டாம். ஒரு தாளை எடுங்கள். இருவர் கட்டிய 200ஐ எழுதுங்கள். வென்றவனுக்குக் கொடுத்த 190ஐக் கழியுங்கள். மீதி நின்ற பத்தைச் சுட்டி, "இது எவன் பைக்குப் போயிற்று? இதற்காக அவன் செய்த உழைப்பு என்ன?" என்று கேளுங்கள். கணக்கின் பெயரால் அழைத்துச் செல்லப்பட்டவனைக் கணக்கே திருப்பி அழைத்துவரும்.

கணிதம் நம் கையில் இருக்கவேண்டிய கருவி. குதிரை உதைத்த சாவுகளை எண்ணிய அதே கணிதத்தால் நோய் பரவுவதை அளக்கலாம். சாலை விபத்தைக் குறைக்கலாம். அத்தகைய அறிவை, இல்லாத கால் கோலுக்கு மேலா கீழா என்று தேடச் செலவிடும் இளைஞன் இழப்பது ஐந்து பவுண்டு அன்று, ஆண்டுகள்! மைதானத்துக்குப் போங்கள், ஆட்டத்தைப் பாருங்கள், முடிந்தால் இறங்கி ஆடுங்கள். அங்கே விழும் கோல் ஒவ்வொன்றும் முழுக் கோல். அதைக் கண்டு கைதட்டும் மகிழ்ச்சியும் முழுமையானது. அதிலே எவனுக்கும் சுங்கம் இல்லை.